நாக்குக்குத் தெரியாத கசப்பு மூக்குக்குத் தெரியுமா?

கேள்வி:

டாக்டர் அவர்களுக்கு வணக்கம். எனக்கு வயது 43. மூன்று வருஷமாக சைனஸ் தொல்லை. வலது கன்னம் கல்லைக் கட்டித் தொங்கவிட்டது போல் கனக்கும். வலது மூக்கில் கெட்டியாக மஞ்சள் சளி வரும், பின்பக்கமாகத் தொண்டையிலும் இறங்கும். சில நாட்கள் எனக்கே ஒரு அழுகல் வாடை அடிக்கும். ஆன்டிபயாடிக் சாப்பிட்டால் பத்துப் பதினைந்து நாள் நிம்மதி, அப்புறம் பழைய கதைதான். சிடி ஸ்கேன் பார்த்துவிட்டு ஆபரேஷன் செய்துகொள்ளச் சொல்கிறார்கள்.

போன மாதம், கல்லூரியில் உயிரியல் படிக்கும் என் மகள் ஆய்வகத்திலிருந்து பிடிசி காகிதம் என்று சின்னச் சின்னத் துண்டுகள் கொண்டுவந்தாள். நாக்கில் வைத்த மறு நொடி அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டு துப்ப ஓடினாள். என் கணவருக்கும் கசந்தது. எனக்கு வெறும் காகிதம். கசப்பு தெரியாதவர்களுக்குத்தான் தீராத சைனஸ் வருகிறது, அது மரபணுவிலேயே இருக்கிறது என்று பிறகு படித்தேன். அன்றிலிருந்து மனசு சரியில்லை. என் நோய்க்கு இதுதான் காரணமா? மரபணுப் பரிசோதனை செய்து பார்க்கலாமா? மரபணுவே இப்படி என்றால் ஆபரேஷன் செய்து என்ன பயன்? தினமும் கசப்பாகச் சாப்பிட்டால் சரியாகுமா? என் மகளுக்கும் இது வருமா?

சர்க்கரை, பி.பி., ஆஸ்துமா எதுவும் இல்லை. நான்கு வருஷத்துக்கு முன்பு வலது மேல் கடைவாய்ப் பல்லில் ரூட் கெனால் செய்து கேப் போட்டேன். அதைத் தவிர மருத்துவமனைப் பக்கமே போனதில்லை.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை என் கண் அந்தக் காகிதத் துண்டில் நின்றது, ஏனென்றால் எனக்குப் பிடித்த விஷயம் அது. இரண்டாவது முறை உங்கள் கடைசி வரியில் நின்றது. நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போன வரி. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் நீங்கள் கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் எதைச் சொன்னாலும் உங்கள் மனசு அந்தக் காகிதத்திலேயே இருக்கும்.

அந்தக் காகிதத்தின் கதை 1931-இல் ஒரு விபத்தில் தொடங்கியது. அமெரிக்காவில் டூபான்ட் நிறுவனத்தின் ஆய்வகத்தில் ஆர்தர் ஃபாக்ஸ் என்ற வேதியியலர் பிடிசி என்னும் பொடியை ஒரு பாத்திரத்தில் கொட்டும்போது அது காற்றில் பறந்துவிட்டது. பக்கத்தில் நின்றவர் 'என்னய்யா இது, வாயெல்லாம் கசக்கிறது' என்ற ரீதியில் முறையிட, அதைவிட நெருக்கமாக நின்றுகொண்டிருந்த ஃபாக்ஸுக்கு ஒன்றுமே தெரியவில்லை. இருவரும் மாற்றி மாற்றி நாக்கில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். ஒருவருக்குக் கடும் கசப்பு, ஒருவருக்கு சுண்ணாம்புத் தூள் மாதிரி. அப்புறம் ஆய்வகத்தில் அகப்பட்டவர்களை எல்லாம் பிடித்துச் சோதித்தார்கள். மனிதர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். வயது, ஆண் பெண், இனம் எதுவும் காரணமாகத் தெரியவில்லை. குடும்பம் குடும்பமாகப் போகிறது என்பது மட்டும் சீக்கிரமே தெரிந்துவிட்டது.

எந்த மரபணு என்று கண்டுபிடிக்க 2003 வரை ஆனது. ஏழாவது குரோமோசோமில் இருக்கிறது. பெயர் டாஸ்2ஆர்38. கசப்பை உணர நம்மிடம் சுமார் 25 வகை ஏற்பிகள் இருக்கின்றன, அதில் ஒன்றை உருவாக்கும் மரபணு இது. அந்த ஏற்பி 333 அமினோ அமிலங்களைக் கோத்த ஒரு சங்கிலி. 49, 262, 296 ஆகிய மூன்று இடங்களில் மட்டும் ஆளுக்கு ஆள் மணி மாறுகிறது. அந்த மூன்று இடத்திலும் புரோலின், அலனின், வேலின் இருந்தால் பிஏவி வடிவம், பிடிசி கசக்கும். அலனின், வேலின், ஐசோலூசின் இருந்தால் ஏவிஐ வடிவம், கசக்காது. 333 மணிகளில் மூன்று மாறினால் ஒரு சுவையே காணாமல் போகிறது.

ஒவ்வொருவருக்கும் இந்த மரபணுவில் இரண்டு பிரதிகள், அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. ஆகவே பணம் செலவழிக்காமலே உங்கள் வீட்டுக் கணக்கைப் போட்டுவிடலாம். உங்களுக்கு வெறும் காகிதம் என்றால் உங்களிடம் பெரும்பாலும் இரண்டுமே ஏவிஐ. உங்கள் மகளுக்கு நீங்கள் கொடுத்தது ஒரு ஏவிஐயாகத்தான் இருக்க முடியும். அவளுக்குக் கசந்திருக்கிறது, எனவே மற்றது பிஏவி, அப்பா கொடுத்தது. பரிசோதனைக்கூடத்தின் அறிக்கை வந்தாலும் அநேகமாக இதைத்தான் சொல்லும். அநேகமாக என்று ஏன் சொல்கிறேன் என்றால், நாக்கு அவ்வளவு கறாரான கணக்குப்பிள்ளை இல்லை. இரண்டு பேருக்குமே கசக்காத பெற்றோருக்குக் கசப்பு தெரிந்த பிள்ளை பிறப்பதும் உண்டு. இந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு குடும்பத்துக்குள் யாரும் வேறு எந்தக் கணக்கும் போட வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்லி வைக்கிறேன்.

இன்னொன்று. உங்களுக்குக் 'கசப்பே தெரியாது' என்று ஆகிவிடாது. உங்களுக்கு இல்லாதது ஒரு ஏற்பியின் கூர்மை மட்டும்தான். முட்டைக்கோஸ், புரோக்கோலி வகையறாவில் இருக்கும் லேசான கசப்பு உங்களுக்குப் பிடிபடாமல் போகலாம். காபியும் குயினைன் மாத்திரையும் மற்றவர்களுக்குக் கசப்பது போலவே உங்களுக்கும் கசக்கும், அவற்றை வேறு ஏற்பிகள் பார்த்துக்கொள்கின்றன.

சரி, நாக்கில் இருக்க வேண்டிய இந்த ஏற்பிக்கு மூக்கில் என்ன வேலை?

மூக்கின் உள்சுவரை ஒரு மெல்லிய சளிப்படலம் மூடியிருக்கிறது. அதன் அடியில் இருக்கும் செல் ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 200 நுண்மயிர்கள், காற்றில் நெற்கதிர் சாய்வது போல ஒரே திசையில் நொடிக்குப் பத்துத் தடவையாவது அடித்துக்கொண்டிருக்கின்றன. மூச்சோடு வரும் தூசியும் கிருமியும் சளியில் ஒட்டிக்கொள்ள, நுண்மயிர்கள் அந்தச் சளியைத் தொண்டைக்குத் தள்ளிவிடுகின்றன. நாம் அறியாமலே விழுங்கிவிடுகிறோம், மிச்சத்தை வயிற்று அமிலம் முடித்துவிடுகிறது.

இந்த நகர்வை நேரில் பார்க்க ஒரு பழைய சோதனை உண்டு. நான் மாணவனாக இருந்தபோது என் மூக்கிலேயே செய்து பார்த்தோம். குண்டூசித் தலை அளவு சாக்கரின் துணுக்கை மூக்கின் உட்பக்கம், நுனியிலிருந்து ஓர் அங்குலம் தள்ளி வைப்பார்கள். உறிஞ்சக் கூடாது, தும்மக் கூடாது, தலையைக் கொஞ்சம் குனிந்து உட்கார்ந்திருக்க வேண்டும். நண்பன் கடிகாரத்தோடு எதிரே உட்கார்ந்திருந்தான். ஒன்றும் நடக்கவில்லை, ஒன்றும் நடக்கவில்லை, பதினோராவது நிமிஷம் திடீரென்று தொண்டையில் இனிப்பு. நுண்மயிர்கள் அதைச் சுமந்துகொண்டு வந்து சேர்த்துவிட்டன. இருபது நிமிஷத்துக்குள் வந்தால் நல்ல மூக்கு. பிறகு ஒரு முறை கடும் ஜலதோஷத்தில் அதையே செய்தேன். அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுந்து சாப்பிடப் போய்விட்டேன்.

2009-இல் அயோவா பல்கலைக்கழகத்தில் சுவாசக்குழாயின் நுண்மயிர்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அவற்றின் மேலேயே கசப்பு ஏற்பிகள் இருப்பதைக் கண்டார்கள். கசப்பான பொருளைச் சொட்டினால் மயிர்கள் வேகம் பிடித்தன. 2012-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் நோம் கோஹன், ராபர்ட் லீ ஆகியோரின் குழு, சைனஸ் ஆபரேஷனில் எடுத்த திசுக்களிலிருந்து செல்களை வளர்த்துப் பார்த்தபோது நம் டாஸ்2ஆர்38 மூக்கிலும் இருப்பது தெரிந்தது. அது அங்கே என்ன செய்கிறது என்பதுதான் அழகு.

சூடோமோனாஸ் என்று ஒரு பாக்டீரியா இருக்கிறது. தீராத சைனஸ் நோயில் ஈஎன்டி மருத்துவர்களுக்கு நன்றாகப் பழக்கமான எதிரி. இது தனியாக இருக்கும்போது வம்புக்கு வராது. தன் கூட்டம் எவ்வளவு பெருகியிருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஒருவகை வேதிப்பொருளை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும், நாலாபுறமும் குரல் கொடுப்பது மாதிரி. குரல்கள் போதுமான அளவுக்கு உரத்துவிட்டால் எல்லாம் சேர்ந்து பிசின் போன்ற ஒரு கோட்டையைக் கட்டிக்கொள்ளும். அதற்கப்புறம் ஆன்டிபயாடிக் உள்ளே நுழைவது கஷ்டம். மூக்கில் இருக்கும் கசப்பு ஏற்பி அந்தக் குரலைத்தான் ஒட்டுக்கேட்கிறது. கோட்டை எழும்புவதற்கு முன்பே செல்லுக்குள் கால்சியம் ஏறி, சில நிமிஷங்களில் நைட்ரிக் ஆக்சைடு வெளிவருகிறது. அது பாக்டீரியாவை நேரடியாகக் கொல்லும், நுண்மயிர்களையும் வேகமாக அடிக்க வைக்கும். இதில் மூளைக்கு ஒரு சேதியும் போவதில்லை, நமக்கு மூக்கில் கசப்பு தெரிவதும் இல்லை. காவல்காரன் எஜமானை எழுப்பாமலே திருடனை விரட்டிவிடுகிறான்.

இரண்டு பிரதியும் பிஏவியாக இருந்தவர்களின் செல்கள் இப்படிச் சுறுசுறுப்பாகப் பதில் கொடுத்தன. ஏவிஐ இருந்த செல்கள் சோம்பேறிகள். நோயாளிகளின் மூக்கிலிருந்து எடுத்த சளியிலும், இரட்டை பிஏவி உள்ளவர்களிடம் சூடோமோனாஸ் இனத்துப் பாக்டீரியாக்கள் குறைவாகவே வளர்ந்தன. ஆபரேஷன் வரை போகும் நோயாளிகளிடம் இரட்டை பிஏவி அபூர்வமாக இருக்கிறது என்றும் அதே குழு பிறகு எழுதியது. நீங்கள் படித்த செய்தியின் மூலம் இதுதான். பொய் இல்லை. ஆனால் நீங்கள் படித்த இடத்தில் பாதியோடு நிறுத்திவிட்டார்கள் போலிருக்கிறது.

மீதிப் பாதியைக் கேளுங்கள். சோதனையில் நன்றாக வேலை செய்தது இரட்டை பிஏவி மட்டும். ஒன்று பிஏவி, ஒன்று ஏவிஐ என்று கலந்திருந்தவர்களின் மூக்குச் செல்களும் அவ்வளவு துடிப்பாக இல்லை, அவர்களுக்கு நாக்கில் நன்றாகக் கசந்தாலும்! ஐரோப்பிய வம்சாவளியினரிடம் இரட்டை பிஏவி ஐந்தில் ஒருவருக்குத்தான் இருக்கிறது. மீதி நான்கு பேரும் 'பலவீனமான' மூக்கோடுதான் பிறக்கிறார்கள், அவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆயுள் முழுக்க சைனஸ் மருத்துவரைப் பார்ப்பதே இல்லை. இத்தாலியில் 2016-இல் இதே மரபணுவை நோயாளிகளிடமும் மற்றவர்களிடமும் ஒப்பிட்டுப் பார்த்தபோது வித்தியாசம் எதுவும் அகப்படவில்லை. மேலும், இந்த ஏற்பி ஒட்டுக்கேட்பது குறிப்பிட்ட வகைப் பாக்டீரியாக்களின் பேச்சை. சைனஸில் சாதாரணமாகக் குடியேறும் ஸ்டாஃபிலோகாக்கஸ் வேறு பாஷை பேசுகிறது.

இதெல்லாம் புள்ளிவிவரம். உங்கள் விஷயத்தில் இதைவிட எளிமையான ஒரு வாதம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. வலது கன்னம், வலது மூக்கு, வலது பக்கம் என்றே எழுதியிருக்கிறீர்கள். இடது பக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மூன்று வருஷமாக அந்தப் பக்கம் சும்மா இருக்கிறது.

மரபணு இரண்டு மூக்கிலும் ஒன்றுதான், அம்மா. வலது மூக்குக்கு ஒரு ஏவிஐ, இடது மூக்குக்கு ஒரு பிஏவி என்று பிரித்துக் கொடுப்பதில்லை. நோய் ஒரே பக்கமாக நிற்கிறது என்றால் அந்தப் பக்கத்தில் ஏதோ இருக்கிறது, தேடு என்றுதான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அப்படித் தேடும்போது பார்க்க வேண்டியவை சில உண்டு: பூஞ்சை உருண்டை, அபூர்வமாகக் கட்டி, வழியை அடைக்கும் வளைந்த எலும்பு, அப்புறம் பல்.

கன்னத்துக்குள் இருக்கும் சைனஸின் தரை எது தெரியுமா? உங்கள் மேல் கடைவாய்ப் பற்களின் வேர் நுனிகள்தான். சிலருக்கு நடுவில் மெல்லிய எலும்பு இருக்கும். சிலருக்கு அதுவும் இல்லாமல் வெறும் சவ்வு மட்டும் இருக்கும். வேர் நுனியில் கிருமி தங்கிவிட்டால் அது கீழே ஈறு வழியாக வராமல் மேலே சைனஸுக்குள் போய்விடலாம். ரூட் கெனால் செய்த பல்லில் நரம்பை எடுத்துவிட்டிருப்பதால் கூச்சம் இருக்காது, பெரும்பாலும் வலியும் இருக்காது. கேப் வேறு அழகாகப் பளபளத்துக்கொண்டிருக்கும். யாருக்கும் சந்தேகம் வராது. ஒரு பக்கம், கெட்டிச் சளி, அழுகல் வாடை, ஆன்டிபயாடிக் சாப்பிடும்வரை நன்றாக இருந்து நிறுத்தியதும் திரும்புவது, எல்லாம் பொருந்துகிறது. பல் வைத்தியம் செய்த அடுத்த வருஷம் தொல்லை தொடங்கியிருக்கிறது. குறிப்பாக அந்த வாடை. தீராத சைனஸ்காரர்கள் பலருக்கு மோப்பமே மங்கிவிடும். உங்களுக்கு நாற்றம் தெரிகிறது என்றால் மோப்பம் சரியாக இருக்கிறது, நாற்றமும் உண்மையாக இருக்கிறது.

கடிதத்தைப் படித்து நோயை முடிவு செய்ய முடியாது, செய்யவும் கூடாது. சந்தேகப்படலாம், நான் நன்றாகவே சந்தேகப்படுகிறேன். காரணம், இதே இடத்தில் நானே வழுக்கியிருக்கிறேன். சில வருஷங்களுக்கு முன்பு ஒருவரை ஏறத்தாழ ஒரு வருஷம் மருந்து மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிடி அறிக்கையில் 'இடது மேக்சிலரி சைனஸில் (அதாவது கன்னச் சைனஸில்) சளி' என்று இருந்தது. நானும் சைனஸை மட்டும் பார்த்தேன். ஒரு நாள் திரையில் படங்களை நகர்த்திக்கொண்டிருந்தபோது கை தவறி இன்னும் கீழே போய்விட்டது. பல் வேரின் நுனியைச் சுற்றி, பென்சிலால் வட்டம் போட்டது போல ஒரு கறுப்பு வளையம். எலும்பு கரைந்த இடம். அறிக்கை எழுதியவருக்கும் கண்ணில் படவில்லை, எனக்கும் படவில்லை, ஏனென்றால் இருவருமே பல்லைத் தேடவில்லை. அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு பல் மருத்துவரிடம் அனுப்பினேன்.

ஆகவே உங்கள் கேள்விகளில் முக்கியமானதுக்கு வருகிறேன்: ஆபரேஷன். மரபணு இப்படி இருந்தால் பயனில்லை என்பது தவறு. இதைப் புரிந்துகொள்ள ஒரு சின்ன விஷயம் போதும். கன்னச் சைனஸின் வாசல் அடியில் இல்லை, மேலே, கூரைக்குப் பக்கத்தில் இருக்கிறது. தொட்டிக்கு வடிகாலை மேலே வைத்த மாதிரி. புவியீர்ப்பை நம்பினால் ஒரு சொட்டும் வெளியேறாது, நுண்மயிர்கள்தான் சளியை மேல்நோக்கிச் சுமந்துபோய் வாசலில் தள்ள வேண்டும். அந்தக் காலத்தில் அடியில் ஓட்டை போட்டால் தானாக வடிந்துவிடும் என்று நினைத்துப் போட்டார்கள். ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் வால்ட்டர் மெஸ்ஸர்க்லிங்கர் நுண்மயிர்களின் பாதையைப் பொறுமையாகப் பார்த்து எழுதினார்: பக்கத்திலேயே புது ஓட்டை இருந்தாலும் மயிர்கள் அதைச் சட்டை செய்யாமல், சளியைப் பழைய வாசலுக்கே கொண்டுபோகின்றன. அதனால்தான் இன்று எண்டோஸ்கோப் வைத்துச் செய்யும் ஆபரேஷனில் இயற்கையான வாசலையே அகலப்படுத்துகிறோம். வாசல் திறந்தால் சோம்பேறி மூக்கும் தன் வேலையைச் செய்ய வழி கிடைக்கும். பாலிப் என்னும் சதை வளர்ச்சி மூக்கில் இல்லாத நோயாளிகளில் இரட்டை பிஏவி உள்ளவர்கள் ஆபரேஷனுக்குப் பிறகு கூடுதலாகத் தேறினார்கள் என்று பென்சில்வேனியா குழு சொன்னது உண்மைதான். கூடுதல் என்பதுதான் அங்கே சேதி. மற்றவர்கள் தேறவில்லை என்று அர்த்தம் இல்லை.

ஆனால் பல்லில் ஊற்று இருக்கும்போது வாசலை மட்டும் அகலப்படுத்தினால் சளி சுலபமாக வெளியே வரும், நிற்காது. பல்லைச் சரிசெய்ததும் சைனஸ் தானே அடங்கிவிடுபவர்கள் உண்டு. இரண்டும் செய்ய வேண்டியவர்களும் உண்டு. ரூட் கெனாலில் அடைத்த பொருள் வேர் நுனியைத் தாண்டி சைனஸுக்குள் போயிருந்தால் அதைச் சுற்றிப் பூஞ்சை உருண்டு வளரலாம். அப்படி இருந்தால் மருந்தால் போகாது, ஆபரேஷன்தான் வழி. எனவே ஆபரேஷன் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தேதி குறிப்பதற்கு முன்பு பல்லைப் பார்த்துவிடுங்கள் என்கிறேன்.

மரபணுப் பரிசோதனை வேண்டாம். முடிவு எப்படி வந்தாலும் நான் எழுதப்போகும் மருந்துச்சீட்டில் ஒரு எழுத்தும் மாறாது. அப்படிப்பட்ட சோதனையை ஆர்வத்துக்காகச் செய்துகொள்ளலாம், வைத்தியத்துக்காகச் செய்யக் கூடாது. மரபணு பார்த்தே ஆக வேண்டிய சைனஸ் நோய்களும் இருக்கின்றன. சிறு வயதிலிருந்தே இரண்டு பக்கமும் சளி, காதில் சீழ், ஓயாத ஈர இருமல் என்றால் நுண்மயிர்களே பிறவியில் அசையாத நோயோ, சளி கெட்டியாகிவிடும் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோயோ என்று பார்ப்போம். இதயம் வலப்பக்கம் இருக்கும் சிலருக்கு இந்த மயிர்க்கோளாறு இருப்பது மருத்துவ மாணவர்களுக்கு மறக்காத பாடம். அந்தக் கதை உங்களுடையது இல்லை.

கசப்பாகச் சாப்பிட்டால்? சாப்பிடுவது வயிற்றுக்குப் போகிறது, ஏற்பி மூக்கின் நுண்மயிரில் இருக்கிறது. பிடித்தால் சாப்பிடுங்கள், சைனஸுக்காகக் கஷ்டப்பட்டு விழுங்க வேண்டாம். எனக்கு இதில் வேறொரு பயம்தான். மூக்கில்தானே ஏற்பி இருக்கிறது என்று யாராவது கசப்புச் சாற்றை மூக்கிலேயே ஊற்றிக்கொள்வார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். மூக்கின் கூரையில் மோப்ப நரம்புகள் திறந்து கிடக்கின்றன. ஜலதோஷத்துக்கு என்று துத்தநாகம் கலந்து விற்ற மூக்கு ஜெல்களால் பலருக்கு மோப்பமே போய்விட்டது, 2009-இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்று எச்சரித்தது. கசப்பு ஏற்பிகளைத் தட்டி எழுப்பும் மருந்தைப் பற்றி ஆராய்கிறார்கள், அது வேறு கதை.

இடையில் ஒரு வேடிக்கை. மூக்கின் வேறு சில செல்களில் இனிப்பு ஏற்பியும் இருக்கிறது. அது அங்கே இருக்கும் கசப்புக் காவல்காரனின் வாயைப் பொத்துகிறது. சளியில் சர்க்கரை இருந்தால், கிருமி குறைவாக இருக்கிறது, சும்மா இரு என்று அர்த்தம், ஏனென்றால் கிருமி பெருகினால் சர்க்கரையைத் தின்று தீர்த்துவிடும். தீராத சைனஸ் நோயாளிகளின் மூக்குச் சளியில் சர்க்கரை கூடுதலாக இருப்பதையும் அதே பென்சில்வேனியா குழு அளந்து பார்த்திருக்கிறது. இதை வைத்துக் காபிக்குச் சர்க்கரையை நிறுத்தினால் சைனஸ் போகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பல் விவகாரம் தெளியும்வரை மூக்கை உப்புத் தண்ணீரால் கழுவுங்கள். ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு முறை, ஒவ்வொரு முறையும் 200 முதல் 250 மில்லி, அதற்கென்றே விற்கும் பாட்டிலும் உப்புப் பொட்டலமும் வாங்கிக்கொள்ளலாம். தண்ணீர் மட்டும் கொதிக்க வைத்து ஆறியதாக இருக்க வேண்டும், குழாயில் பிடித்து நேராக ஊற்றக் கூடாது. நெக்லேரியா என்ற அமீபா மூக்கு வழியாக மூளைக்கு ஏறி ஆள் இறந்திருக்கிறார்கள். அபூர்வம்தான், ஆனால் கொதிக்க வைத்தால் தீர்ந்தது. ஸ்டீராய்டு ஸ்பிரே கொடுத்திருந்தால் வலது மூக்குக்கு இடது கையால், காதுப் பக்கமாகச் சாய்த்து அடியுங்கள். பலர் நேராக நடுச்சுவரில் அடித்து ரத்தம் வரவழைத்துக்கொள்கிறார்கள். அடைப்பை உடனே திறக்கும் சொட்டு மருந்தை நான்கைந்து நாளுக்கு மேல் தொடாதீர்கள், பிறகு அந்த மருந்தே அடைப்பைக் கொண்டுவரும். வீட்டில் யாராவது புகைபிடித்தால் வெளியே போகச் சொல்லுங்கள், புகை நுண்மயிர்களை முடக்கிவிடும். இன்னொரு ரவுண்டு ஆன்டிபயாடிக்கை நீங்களாக வாங்கிச் சாப்பிட வேண்டாம்.

கண் வீங்கினாலோ, பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ, பொறுக்க முடியாத தலைவலியோடு காய்ச்சல் வந்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். அந்த மூக்கிலிருந்து அடிக்கடி ரத்தம் வந்தால் ஈஎன்டி மருத்துவரை உடனே பாருங்கள்.

உங்கள் மகளைப் பற்றி: அவளிடம் ஒன்று பிஏவி, ஒன்று ஏவிஐ. ஐரோப்பியக் கணக்குப்படி பார்த்தால் பாதிப் பேர் அப்படித்தான். சைனஸ் வரும் வராது என்று அதை வைத்து யாராலும் சொல்ல முடியாது, அவள் இப்போது செய்ய வேண்டியது எதுவும் இல்லை. காகிதம் மிச்சம் இருந்தால் என் பங்குக்கு நன்றி சொல்லுங்கள். அவள் கொண்டுவராவிட்டால் நீங்கள் இந்தக் கடிதம் எழுதியிருக்க மாட்டீர்கள், நான் அந்தப் பல்லைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்க மாட்டேன்.

அடுத்த வாரமே, முடிந்தால் ரூட் கெனால் செய்த பல் மருத்துவரிடமே, சிடி ஸ்கேனின் படங்களோடு போங்கள். அறிக்கைத் தாள் மட்டும் போதாது, படங்கள் வேண்டும். ஸ்கேன் பல் வரைக்கும் எடுக்கப்படவில்லை என்றால் அந்தப் பல்லுக்கு மட்டும் கூம்புக்கதிர் சிடி எடுக்கச் சொல்வார், எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரண பல் எக்ஸ்ரேயில் மேல் கடைவாய்ப் பல்லின் வேர்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து பலவற்றை மறைத்துவிடும். அவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: இந்தப் பல்லின் ஒவ்வொரு வேர் நுனியைச் சுற்றியும் எலும்பு முழுசாக இருக்கிறதா? நிரப்பாமல் விட்ட வேர்க் கால்வாய் ஏதாவது இருக்கிறதா? அடைத்த பொருள் சைனஸுக்குள் எட்டிப் பார்க்கிறதா? மேல் கடைவாய்ப் பல்லில் நான்காவதாக ஒரு கால்வாய் ஒளிந்திருப்பதும் அது தவறிப்போவதும் அவர்களுக்குப் பழக்கப்பட்ட விஷயம், கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார். பதிலை எழுதி வாங்கிக்கொண்டு ஈஎன்டி மருத்துவரிடம் காட்டுங்கள், எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.